மூன்று பக்கம், ஒரே வாய்: கடலூர்க் குண்டுக் கதையும் கல்லூரி பிராஜக்ட்டும்

வாசகர் கேள்வி, 2025 ஜனவரி 19

"மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நூலகத்தில் 'தகவல் எழுத்தறிவு' வகுப்பு என்று எங்கள் கல்லூரியில் போட்டிருக்கிறார்கள். எதற்கு இது? எல்லாம் போனிலேயே இருக்கிறது. தேடத் தெரியாத பிள்ளை இன்று யார்? ஏஐயிடம் கேட்டால் முழுக் கட்டுரையும் வந்துவிடுகிறது. பிராஜக்ட்டை முடித்தோமா, வைவா என்ற வாய்மொழித் தேர்வைத் தாண்டினோமா என்று பிள்ளைகளை விடுங்களேன்."

ஜனவரி 19, இரவு

கடலூரில் ஒரு கல்லூரியில் 19 வருடமாக நூலகராக இருக்கிறேன். இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன், கிடைத்த தகவலைச் சோதித்துப் பயன்படுத்தச் சொல்லித் தரும் அந்த வகுப்பு தேவையா இல்லையா என்று பிறகு பேசலாம்.

வரலாறு மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் பிராஜக்ட் வரைவோடு வந்தான். தலைப்பு புனித டேவிட் கோட்டை, அதாவது நம் தேவனாம்பட்டினம் கோட்டை. 11ஆம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தான்: "1690இல் ஆங்கிலேயர் இக்கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது பீரங்கியால் நாலு திசையும் சுட்டனர். குண்டு விழுந்த இடம் வரை அவர்களுக்குச் சொந்தமானது. அதனாலேயே குண்டு உப்பலவாடி என்ற பெயர் வந்தது." கீழே ஆதாரமாக மூன்று இணைய முகவரி.

மூன்றையும் அவன் போனிலும் என் கணினியிலுமாகத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். வாக்கியம் வாக்கியமாக ஒன்றே. ஒன்று தமிழில், இரண்டு ஆங்கிலத்தில், அவ்வளவுதான் வித்தியாசம். மூன்றும் ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்தவை. அந்த விக்கிப்பீடியாப் பக்கத்தின் அடியில், 1911இல் வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் வாசகம் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி இருக்கிறது. யாரும் அவ்வளவு கீழே இறங்கிப் படிப்பதில்லை.

"மூணு ஆதாரம் வேணும்னு கைடு சொன்னார் மேடம், மூணு போட்டுட்டேன்" என்றான். தம்பி, நீ போட்டது மூன்று பக்கம், ஆனால் வாய் ஒன்றுதான் என்றேன். ஒரே ஆள் மூன்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் மூன்று சாட்சி ஆகிவிடுமா?

அதோடு இன்னொன்று. குண்டு விழுந்த கிராமங்கள் என்ற பொதுப் பேச்சு அந்தப் பக்கங்களில் இருக்கிறது. கடலூரை ஒட்டிய உப்பலவாடி என்ற ஊரின் பெயர் மூன்றிலும் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "சீனியர் பிராஜக்ட்ல இருந்தது மேடம்" என்றான். அலமாரியிலிருந்து பழைய பிராஜக்ட் இரண்டை எடுத்தேன். இரண்டிலும் அதே வாக்கியம். இரண்டிலும் 'பீரங்கி' என்பது 'பிரங்கி' என்று ஒரே மாதிரி தப்பாக அச்சாகியிருந்தது.

தேடத் தெரிந்த பிள்ளைகள்தான். கிடைத்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் நாம் சொல்லித் தரவில்லை.

ஜனவரி 20

"காப்பியடித்தால் சாஃப்ட்வேர் பிடித்துவிடாதா" என்று ஒருவர். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் கொண்டுவந்த விதிமுறையில் ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை, 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. நடுவில் இரண்டு படி. எல்லாம் சரி. ஆனால் அந்த மென்பொருள் எண்ணுவது ஒத்துப்போகும் சொற்களை. தப்பான சேதியைச் சொந்த நடையில் எழுதிவிட்டால் ஒப்புமை பூஜ்யம், பொய் முழுசு. சொல் திருட்டைப் பிடிக்க இயந்திரம் போதும். சேதி எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஆள்தான் வேண்டும்.

ஜனவரி 23

பையன் மறுபடி வந்தான். இந்த முறை ஒரு சொல்லோடு.

கோட்டையோடு சேர்த்து வாங்கிய நிலத்தின் எல்லையைச் சொல்லும் பழைய ஆங்கில வாசகத்தில் 'ரேண்டம் ஷாட்' என்று வருகிறது. இவன் படித்த தமிழ்ப் பக்கத்தில் அதைக் 'குறியில்லாமல் தாறுமாறாகச் சுட்ட குண்டு' என்று போட்டிருக்கிறார்கள். ஏஐ செயலியும் அதையே சொன்னதாம். அவனுக்கு அதில் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது: "தாறுமாறா சுட்டா எல்லை எப்படி மேடம் போடுவாங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதிக் காட்ட முடியாது. பெரிய ஆங்கில அகராதியை எடுத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அந்தக் காலப் பீரங்கிக்காரர் பேச்சில் 'ரேண்டம்' என்றால் பீரங்கியின் வாயை உயர்த்தி வைத்துச் சுட்டால் குண்டு போகக்கூடிய முழுத் தூரம். ஆக, வாசகத்தின் பொருள் 'பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரை உள்ள ஊர்கள்' என்பது. தாறுமாறு இல்லை, அளவு. நிலத்தைச் சங்கிலியால் அளக்காமல் பீரங்கியால் அளந்திருக்கிறார்கள். அவன் தாளில் பென்சிலால் 'தாறுமாறாக' என்பதை அடித்துவிட்டு 'எட்டும் தூரம்' என்று எழுதினான்.

ஒரு சொல்தான் மாறியது. ஆனால் அந்தப் பக்கத்தில் அவனுடையது என்று சொல்ல முதன்முதலாக ஒன்று வந்துவிட்டது.

ஜனவரி 26

புதுச்சேரியிலிருந்து எழுதிய நண்பர் நல்ல யோசனை சொன்னார்: புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் பார்க்கச் சொல்லுங்கள், தமிழிலேயே எழுதியவர், நேரில் பார்த்தவர். ஆமாம், அதை எப்படி மறந்தேன். பையனிடம் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 27

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். பிள்ளை பிறந்தது 1709இல். குண்டு சுட்டதாகச் சொல்லும் வருடம் 1690. பிறப்பதற்கு 19 வருடம் முன்னால் நடந்ததற்கு அவர் எப்படி நேர் சாட்சி ஆவார்? நாட்குறிப்பு 1736இல் தொடங்கி 1761 வரை போகிறது. பழைய ஆள், தமிழ் ஆள், புதுச்சேரி ஆள் என்ற மூன்றையும் பார்த்து ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எந்தச் சம்பவத்துக்கு யார் சாட்சி என்று பார்ப்பதுதான் நான் வகுப்பில் சொல்லித் தரும் முதல் பாடம், அதை நானே தவறவிட்டது உறுத்துகிறது.

நண்பர் சொன்னது வீண் இல்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த பிறகு 1752 வரை ஆங்கிலேயருக்குத் தென்னிந்தியாவில் தலைமையிடம் இந்தத் தேவனாம்பட்டினம் கோட்டைதான். அந்த வருடங்களுக்குப் பிள்ளையைப் போல நமக்கு வேறு தமிழ்ச் சாட்சி கிடையாது. பையனின் மூன்றாம் இயலுக்கு அப்படியே பயன்படும்.

தேடும்போது ஒன்று: 'டேவிட் கோட்டை' என்று தமிழ் மூலத்தில் தேடினால் ஒன்றும் வராது. அவர் எழுதுவது தேவனாம்பட்டணம். ஊர்ப் பெயர் 'பட்டினம்' என்றும் 'பட்டணம்' என்றும் வரும், பழைய ஆங்கிலப் பதிவுகளில் 'தெக்னாபட்டம்' என்று எப்படியெல்லாமோ சிதைந்து வரும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் தேட உட்கார வேண்டும். நாம் கூப்பிடும் பெயரை அந்தக் காலம் எப்படிக் கூப்பிட்டது என்று தெரியாவிட்டால், இருப்பதும் இல்லாதது போலத்தான்.

பிப்ரவரி 9

இது கொஞ்சம் நீளமாகப் போகும்.

பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே குண்டு உப்பலவாடிக்குப் போயிருக்கிறான். அவன் ஆயாவின் தங்கை அங்கே இருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான்: "சின்ன ஆயா, இந்த ஊருக்கு ஏன் குண்டுன்னு பேரு? வெள்ளக்காரன் குண்டு போட்டானாமே?"

அவர் சொன்னதைப் போனில் பதிவு செய்து கொண்டுவந்தான். நூலகத்தில் வைத்து நான்கு முறை கேட்டோம். நடுவில் கோழி கூவுகிறது, யாரோ பைக்கை நிறுத்துகிறார்கள்.

"எந்த வெள்ளக்காரன்டா? குண்டுன்னா பள்ளம். குண்டும் குழியுமா கீதுன்னு சொல்ற இல்ல, அந்தக் குண்டு. ஆத்துத் தண்ணி மொதல்ல இங்கதான் வந்து நிக்கும். இப்ப மார்கழிக்கு முன்னாடி வந்துச்சே, அடுப்படி வரைக்கும் வந்து நின்னுச்சு, நீ வந்து பாத்தியா?"

பிராஜக்ட்டில் 40 பக்கம் எழுதியவனுக்கும், 19 வருடம் புத்தகம் அடுக்கிய எனக்கும் தோன்றாத ஒன்று. தினமும் 'குண்டும் குழியுமான சாலை' என்று சொல்கிறோம். அதில் எந்தக் குண்டு இருக்கிறது என்று ஒருநாளும் நினைக்கவில்லை. சங்கப் பாடல்களிலேயே குண்டு என்றால் ஆழம் என்ற பொருள் உண்டு, ஆழமான சுனை குண்டு சுனை. போன நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததும், சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூர்க் கரையோரத்தை மூழ்கடித்ததும் நம் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறதாம். அதையும் போட்டோ எடுத்து வந்தான். கோட்டுக்குக் கீழே சுண்ணாம்பு ஊறி உப்பியிருக்கிறது, மேலே ஒரு சாமி காலண்டர் தொங்குகிறது.

ஆக, இப்போது இரண்டு கதை. ஒன்று 1911 கலைக்களஞ்சியம் வழியாக வந்த பீரங்கிக் குண்டு. இன்னொன்று திண்ணையிலிருந்து வந்த பள்ளம்.

உடனே ஆயா சொன்னதுதான் சரி என்று பையன் குதித்தான். எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கேதான் நிற்க வேண்டும். அச்சில் வந்ததால் மட்டும் நம்பக் கூடாது என்றால், ஆயா சொன்னதால் மட்டும் நம்புவதும் கூடாது. ஊர்க்காரர்கள் பெயருக்குப் பொருத்தமாகப் பிறகு காரணம் கட்டிக்கொள்வது எல்லா ஊரிலும் உண்டு. எது வந்தால் இது தீரும் என்று அவனையே யோசிக்கச் சொன்னேன். அரைமணி நேரம் கழித்துச் சொன்னான்: "1690க்கு முன்னாடி ஏதாவது ஒரு பதிவுல குண்டு உப்பலவாடின்னு இருந்தா, பீரங்கி கத அடிபடும் மேடம். ஆனா இல்லன்னா ஆயா கத அடிபடாது."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். கிடைக்காமல் போவது வேறு, இல்லாமல் இருப்பது வேறு என்று 20 வயதில் அவனே பிடித்துவிட்டான்.

பிப்ரவரி 10

"அந்த ஊரில் குண்டாக ஒருவர் பண்ணையாராக இருந்திருப்பார்" என்று ஒரு வாசகர். படித்துவிட்டு நூலகத்தில் எல்லோரும் சிரித்தோம். பையன் அதையும் மூன்றாம் கருத்தாக எழுதி வைத்துக்கொண்டான், பக்கத்தில் 'சான்று இல்லை' என்று.

பிப்ரவரி 16

இரண்டு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒன்று, முதல் நாள் கேள்வி கேட்டவருக்கு நான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். 'எல்லாம் போனில் இருக்கிறது' என்று அவர் சொன்னதில் பாதி உண்மை. தென்னாற்காடு மாவட்டத்தைப் பற்றிக் கார்ஸ்டின் 1878இல் எழுதிய கையேடு, பிரான்சிஸ் 1906இல் எழுதிய கெஜட்டியர் என்ற மாவட்ட விவரத் தொகுப்பு, இரண்டையும் பார்க்கப் பையனைப் பஸ் ஏற்றிப் புதுச்சேரிக்கு அனுப்ப இருந்தேன். அவன் மறுநாள் காலையில் போனில் இன்டர்நெட் ஆர்க்கைவைத் திறந்து ஸ்கேன் பிரதியைக் காட்டினான். நான் படித்த காலத்தில் இதற்காகச் சென்னைக்குப் போய் அனுமதிக் கடிதத்தோடு நிற்க வேண்டும். போன் மேல் எனக்குக் கோபம் இல்லை. எதைக் கேட்பது என்று தெரிந்த கையில் அது பெரிய நூலகம்.

இரண்டாவது, என் தொழில் பற்றியது. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் எழுதிய ரங்கநாதன் நமக்குத் தெற்கே சீர்காழியில் பிறந்தவர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நாலாவது விதி. அதை நான் இத்தனை வருடம் எப்படிப் புரிந்துகொண்டேன் என்றால், பிள்ளை வந்து கேட்டதும் பக்கத்தைத் தேடி எடுத்து, அடையாளத் துண்டு வைத்து, செராக்ஸ் போட்டுக் கொடுத்துவிடுவேன். பிள்ளைகள் கும்பிட்டுப் போவார்கள். அந்த சீனியர் பிராஜக்ட்டுகளுக்கும் நான்தான் செராக்ஸ் கொடுத்திருப்பேன். அலமாரிக்கு நடந்து போகும் நேரத்தை மிச்சப்படுத்துவது என் வேலை. சந்தேகப்படும் நேரத்தை மிச்சப்படுத்துவது என் வேலை இல்லை. இது எனக்கு இந்த மாதம்தான் விளங்கியது.

நன்னூலில் நூல் மூன்று வகை என்று படித்திருப்போம்: முதல் நூல், அதைப் பின்பற்றும் வழி நூல், இரண்டையும் ஓரளவே ஒட்டும் சார்பு நூல். மேற்கே 'தகவல் எழுத்தறிவு' என்ற சொல் 1974இல்தான் வந்தது. கையில் இருப்பது முதலா, வழியா, சார்பா என்று கேட்கும் பழக்கம் நமக்கு எத்தனையோ நூற்றாண்டாக இருக்கிறது. தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

மார்ச் 2

ஏஐ பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். நடந்ததைச் சொல்கிறேன். வேறொரு மாணவி ஐந்து ஆதாரம் கொண்டுவந்தாள். ஆசிரியர் பெயர், இதழ், தொகுதி எண், பக்க எண் எல்லாம் கச்சிதம். இரண்டு இதழ்கள் உலகத்திலேயே இல்லை. ஒரு இதழ் இருக்கிறது, அந்தத் தொகுதி இருக்கிறது, அந்தப் பக்கத்தில் வேறு கட்டுரை இருக்கிறது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவள் ஏமாற்ற நினைக்கவில்லை, பக்க எண்ணோடு வந்தால் உண்மை என்று நம்பியிருக்கிறாள். ஆதாரம் என்றால் பக்கத்தின் அடியில் போடும் அலங்காரம் என்றுதானே இத்தனை வருடம் அவளுக்குக் காட்டியிருக்கிறோம்.

இப்போது ஒரே ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். ஏஐ சொன்ன ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள், அதை முதலில் சொன்ன மனிதரைக் கண்டுபிடி. ஒரு மணி நேரம். பாதிப் பேர் வெறுங்கையோடு வருகிறார்கள். வெறுங்கையோடு வந்தவர்களுக்கும் முழு மதிப்பெண் உண்டு, எங்கெங்கே தேடினேன் என்று எழுதியிருந்தால்.

மார்ச் 4

"முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள். பகுதிநேர வேலை, அரியர், பஸ். இவர்களிடம் போய் கெஜட்டியர் படி என்கிறீர்களே" என்று ஒரு பேராசிரியர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

ஐயா, நானும் முதல் தலைமுறைதான். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எனக்கும் யாரோ சுருக்கிக் கொடுத்த நோட்ஸ்தான் கிடைத்தது. மூலம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு, நோட்ஸ் நமக்கு என்பது யார் போட்ட ஏற்பாடு? இந்தப் பையனுக்கு இருந்த வசதியைப் பாருங்கள். அவன் ஆயா வீட்டுத் திண்ணை. எந்தப் பெரிய பல்கலைக்கழக ஆய்வாளருக்கும் அந்தத் திண்ணையில் அப்படி உட்கார்ந்து "டா" போட்டுப் பேச்சு வாங்க முடியாது. 2004 சுனாமியில் தேவனாம்பட்டினத்தில் என்ன நடந்தது, 2011 தானே புயலில் முந்திரித் தோப்புகள் எப்படிச் சாய்ந்தன என்பது இந்தப் பிள்ளைகளின் வீட்டில் இருக்கிறது. அதை அறிவு என்று அவர்களிடம் நாம் இதுவரை சொன்னதில்லை.

ஏப்ரல் 13

வைவா முடிந்தது. கல்வெட்டுத் தொகுதிகளின் பின்னால் இருக்கும் ஊர்ப்பெயர் அட்டவணையில் திருவகீந்திரபுரம், திருப்பாதிரிப்புலியூர் கல்வெட்டுகளை ஒட்டித் தேடினான். விரல் வைத்து வரி வரியாக மூன்று மாலை. கிடைக்கவில்லை. 11ஆம் பக்கத்தில் இப்போது இருப்பது இது:

"குண்டு உப்பலவாடி என்ற பெயர் 1690இல் சுட்ட பீரங்கிக் குண்டால் வந்தது என்று எங்கள் கல்லூரியின் முந்தைய இரண்டு பிராஜக்ட்டுகள் சொல்கின்றன. அவை சான்று தரவில்லை. குண்டு என்பது பள்ளத்தைக் குறிக்கும் என்று அவ்வூர் மூதாட்டி ஒருவர் 2025 பிப்ரவரியில் என்னிடம் கூறினார். 1690க்கு முந்தைய பதிவில் இப்பெயரை நான் பார்த்த தொகுதிகளில் காணவில்லை. பார்த்த தொகுதிகளின் பட்டியல் பின்னிணைப்பில் உள்ளது."

வெளித் தேர்வாளர், "முடிவு என்ன என்று சொல்லவில்லையே" என்று கேட்டிருக்கிறார். "முடிவுக்கு வர இன்னும் பார்க்க வேண்டியது இருக்கு சார்" என்று பையன் சொல்லியிருக்கிறான். மதிப்பெண் சுமார்தான் வந்தது. எனக்கு வருத்தம், அவனுக்கு இல்லை.

ஜூலை 20

இந்தக் கேள்வி பதில் இழையை மறுபடி திறக்க ஒரு காரணம்.

பையனின் பிராஜக்ட் இப்போது அலமாரியில், அந்த 'பிரங்கி' பிரதிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதை எடுத்து உட்கார்ந்து படித்தாள். ஒரு மணி நேரம் கழித்து மேசைக்கு வந்தாள். நாணமேட்டுக்காரி.

"மேடம், இதுல ஒண்ணு விட்டுட்டாங்க. எங்க ஊரு நாணமேடு. பக்கத்துல உச்சிமேடு. எல்லாம் மேடு மேடுன்னு இருக்கறப்ப, அது மட்டும் குண்டுன்னா பள்ளம்தானே? ஆனா சுபா உப்பலவாடின்னு இன்னொண்ணும் இருக்கு. அது பள்ளமா மேடான்னு போய்ப் பாத்தாதான் தெரியும்."

புத்தகத்தில் எழுதக் கூடாது என்பது என் நூலக விதி. பென்சிலையும் ஒரு வெள்ளைத் தாளையும் கொடுத்து, சொன்னதை எழுதித் தேதி போட்டு அந்தப் பிராஜக்ட்டின் 11ஆம் பக்கத்துக்குள் வைக்கச் சொன்னேன். சனிக்கிழமை அவள் அப்பாவோடு பைக்கில் சுபா உப்பலவாடிக்குப் போகிறாளாம். அணைக்கட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் முதலில் ஏறியது என்று அங்கே நான்கு வீட்டில் கேட்கப் போகிறாள். கேள்விகளை நேற்று என் மேசையில் உட்கார்ந்துதான் எழுதினாள், ஏழு கேள்வி. எட்டாவதாக ஒன்றை நான் சொல்ல வாயெடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.